பந்தயச் சாலையில் ஒரு விசுவாசி: ஜீனோ பார்த்தலி

விழா மலர்களில் புனிதர்களின் வரலாற்றையும், மறைபரப்பு செய்த குருக்களின் வரலாற்றையும் படிப்பது நம் வழக்கம். பீடத்திற்கு உயர்த்தப்பெற்றவர்களைப் பற்றிப் படிப்பது நல்லதே. ஆயினும் பொதுநிலையினராகிய நமக்கு, நம்மைப் போலவே வியர்வை சிந்தி உழைத்து, மனைவி மக்களோடு குடும்பம் நடத்தி, கோபமும் பட்டு, சிகரெட்டும் புகைத்து, பூசைக்கும் தவறாமல் போய்வந்த ஒரு மனிதரின் வரலாறும் பயன் தரும் அன்றோ? அத்தகைய ஒருவரை இப்பக்கங்களில் அறிமுகம் செய்ய விழைகிறோம். அவர் குருவானவர் அல்லர், மேதையும் அல்லர். சைக்கிள் பந்தய வீரர். பெயர் ஜீனோ பார்த்தலி. நாடு இத்தாலி.

சைக்கிள் நமக்குப் புதிதன்று. ஆனால் சைக்கிள் பந்தயம் இத்தாலிய மக்களுக்கு எத்தகையது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதை அறியாமல் பார்த்தலியை அறிய இயலாது.

இத்தாலியின் பெரும் பந்தயங்கள்

இத்தாலியில் மூன்று பந்தயங்கள் தலைசிறந்தவை. ஒன்று, 1905-ல் தொடங்கிய லொம்பார்தியச் சுற்று. இலையுதிர் காலத்தில், ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த வட பகுதியில் ஒரே நாளில் ஓடி முடிப்பது. இரண்டு, 1907-ல் தொடங்கிய மிலான் – சான் ரெமோ. வசந்தம் பிறக்கும் வேளையில் புறப்பட்டு, மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கி, ஏறத்தாழ 290 கிலோமீட்டரை ஒரே நாளில் கடப்பது. மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு ஜிரோ தித்தாலியா, அதாவது இத்தாலியச் சுற்று, என்று பெயர்.

இத்தாலியச் சுற்றை ஒரு விளையாட்டுச் செய்தித்தாள் 1909-ம் ஆண்டு மே மாதம் 13-ம் நாள் தொடங்கியது. 127 பேர் புறப்பட்டனர். 8 கட்டங்களில் 2,448 கிலோமீட்டர் தூரம். முடித்தவர் 49 பேர் மட்டுமே. வென்றவர் லூயிஜி கன்னா என்னும் கொத்தனார்! அந்தச் செய்தித்தாள் இளஞ்சிவப்புத் தாளில் அச்சாவதால், 1931 முதல் முன்னணியில் இருப்பவருக்கு இளஞ்சிவப்புச் சட்டை அணிவிக்கப்படுகிறது. மூன்று வார காலம் நாட்டைச் சுற்றி, பனி மூடிய கணவாய்களை ஏறி இறங்கி நடைபெறும் இப்பந்தயத்தைக் காணக் கட்டணம் இல்லை. ஊர் மக்கள் தம் வீட்டு வாசலில் நின்றே காணலாம். ஆகவே ஏழைகளின் விளையாட்டாக அது வளர்ந்தது. பந்தய வீரர்களும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே.

கூலிக்காரர் மகன்

பார்த்தலி 1914-ம் ஆண்டு ஜூலை 18-ம் நாள், புளோரன்ஸ் நகரை அடுத்த போந்தே ஆ ஏமா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நாட்கூலிக்கு உழைத்தவர். இரண்டு மூத்த சகோதரிகள். ஜூலியோ என்ற தம்பி ஒருவன். பதின்மூன்று வயதளவில் ஜீனோ உள்ளூர் சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைக்காரர் சிறுவனின் கால்களில் இருந்த வலிமையைக் கண்டுகொண்டார். மகனைப் பந்தயத்திற்கு விடத் தந்தைக்கு மனம் இல்லை. விழுந்து உயிருக்கு ஆபத்து வரும் என்ற அச்சம். பலவாறு கேட்டுக்கொண்ட பின்னரே இணங்கினார். அந்த அச்சம் வீணானதன்று என்பதைப் பின்னர் காண்போம்.

சிறு வயது முதலே ஜீனோ கத்தோலிக்க இயக்கத்தில் உறுப்பினர். செபமும் திருப்பலியும் அவருக்கு வெளிவேடம் அல்ல; உணவும் உறக்கமும் போன்றவை. பிற்காலத்தில் பத்திரிகைகள் அவரைப் பக்திமான் ஜீனோ என்று அழைத்தன. சிலர் கேலியாகவும் அழைத்தனர். அவர் பொருட்படுத்தவில்லை.

1935-ல் தொழில்முறை வீரரானார். அடுத்த ஆண்டே, இருபத்தோராம் வயதில், இத்தாலியச் சுற்றில் முதலிடம் பெற்றார். நாடே அவரைத் தோளில் தூக்கியது. ஆனால் மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அதே 1936 ஜூன் மாதத்தில், பந்தயம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த தம்பி ஜூலியோ கார் ஒன்றில் மோதிப் படுகாயமுற்று இறந்தான். அண்ணனைப் பார்த்துச் சைக்கிள் ஏறிய தம்பி! தந்தை அஞ்சியது நடந்தேவிட்டது. இனிப் பந்தயமே வேண்டாம் என்று ஜீனோ ஒதுங்கினார்.

துக்கம் மனிதனை இரு வழியில் கொண்டுபோகும். கடவுளிடமிருந்து பிரிக்கும், அல்லது அவரிடம் இன்னும் நெருங்கச் செய்யும். ஜீனோ நெருங்கினார். சில மாதங்களில் மீண்டும் சைக்கிள் ஏறி, அவ்வாண்டு லொம்பார்தியச் சுற்றை வென்றார். மறு ஆண்டு, 1937-ல், இத்தாலியச் சுற்றை இரண்டாம் முறையாக வென்றார். அதே காலத்தில் கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்து, குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளைத் தம் பாதுகாவலியாகக் கொண்டார். சபையில் அவர் ஏற்ற பெயர் தார்சிசியுஸ். நம் பீடச் சிறுவர்களின் பாதுகாவலரான அந்தப் புனிதர் யார் என்பது நமக்குத் தெரியும். நற்கருணையை நெஞ்சோடு மறைத்து எடுத்துச் சென்று, அதைக் காட்ட மறுத்து, உயிரைக் கொடுத்த இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சர்வாதிகாரிக்கு நன்றி சொல்லாதவர்

அக்காலத்தில் இத்தாலியை ஆண்டவர் முசோலினி. விளையாட்டு வீரர்களின் வெற்றியெல்லாம் தம் ஆட்சியின் வெற்றி என்று உலகுக்குக் காட்ட அவர் விரும்பினார். இத்தாலியச் சுற்றை வென்றவன் பிரெஞ்சுச் சுற்றையும் வெல்ல வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1937-ல் பிரான்சில் முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டையோடு ஓடியபோது, மலைச் சரிவில் ஒரு பாலத்தில் நிலை தவறி ஓடையில் விழுந்தார் பார்த்தலி. சில நாட்களில் பந்தயத்தைவிட்டு விலக நேர்ந்தது. 1938-ல் தம் சொந்த நாட்டுச் சுற்றில் கலந்துகொள்ளவே அவரை விடவில்லை. பிரான்சுக்காக வலிமையைச் சேமிக்கச் சொன்னார்கள்.

அவ்வாண்டு பிரான்சில் அவர் வென்றார். வென்றவர் சர்வாதிகாரிக்கு நன்றி சொல்லுவார் என்று எல்லோரும் காத்திருந்தனர். பார்த்தலி சொல்லவில்லை. தமக்குக் கிடைத்த மலர்ச்செண்டைப் பாரிஸ் நகரின் வெற்றி அன்னை ஆலயத்திற்கு எடுத்துச் சென்று தேவமாதாவின் பாதத்தில் வைத்தார். நாடு திரும்பியபோது இப்பெரும் வெற்றிக்கு உரிய வரவேற்பு இல்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை.

1939-லும் 1940-லும் மிலான் – சான் ரெமோவையும் லொம்பார்தியச் சுற்றையும் தொடர்ந்து வென்றார். 1940 இத்தாலியச் சுற்றில், இரண்டாம் கட்டத்திலேயே ஒரு நாய் குறுக்கே ஓடி, பார்த்தலி விழுந்து காயமுற்றார். வெற்றி கைநழுவிற்று. அவருடைய அணியில் அவருக்கு உதவியாளாகச் சேர்க்கப்பட்டிருந்த இருபது வயது இளைஞன் ஒருவன் முன்னணிக்கு வந்தான். தலைவனுக்கு இது எவ்வளவு கசப்பான நிலை! ஆயினும் பார்த்தலி அவனுக்கு உதவியாளாக மாறினார். மலைப்பாதையில் அவன் சோர்ந்து நின்றபோது ஊக்கி, அதட்டி, ஏறச் செய்தார். அந்த இளைஞன் வென்றான். அவன்தான் ஃபௌஸ்தோ கோப்பி. பின்னாளில் பார்த்தலியின் பெரும் போட்டியாளர். பந்தயம் ஜூன் 9-ல் முடிந்தது. மறுநாள் இத்தாலி உலகப் போரில் இறங்கியது.

மக்கள் காணாத பந்தயம்

1940 நவம்பரில் பார்த்தலி அத்ரியானா என்ற நங்கையைத் திருமணம் செய்துகொண்டார். திருமணத்தை நடத்திவைத்தவர் புளோரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. இந்தக் கர்தினாலே பின்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்.

1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை இத்தாலியின் வடக்கையும் நடுப்பகுதியையும் கைப்பற்றியது. யூதர்களைப் பிடித்துக் கொலை முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கினர். கர்தினால் தம் மடங்களையும் கன்னியர் இல்லங்களையும் யூதர்களுக்குத் திறந்துவிடச் செய்தார். புளோரன்ஸ் யூதர்களின் குருவான நாத்தான் கஸ்ஸூத்தோவும் கத்தோலிக்கக் குருக்களும் கைகோத்து உழைத்தனர். அசிசி நகரிலும் ஆயர் நிக்கொலினியின் ஆதரவில் இதே பணி நடந்தது. அங்கே லூயிஜி பிரீத்சி என்ற அச்சகக்காரர் தம் மகனோடு சேர்ந்து பொய்ப் பெயருள்ள அடையாள அட்டைகளை அச்சடித்தார். அந்த அட்டை கையில் இருந்தால் யூதக் குடும்பம் பிழைக்கும், இல்லாவிட்டால் மரணம்.

புகைப்படங்களையும் அட்டைகளையும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது யார்? வழியெங்கும் சோதனைச் சாவடி. பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டினாலும் எவரும் ஐயம் கொள்ளாத ஒருவர் தேவைப்பட்டார். பார்த்தலியைவிடப் பொருத்தமானவர் யார்? காகிதங்களைச் சுருட்டிச் சைக்கிளின் சீட்டுக் குழாயிலும் பிரேமிலும் செருகிக்கொண்டு, பயிற்சிக்குப் போவதுபோல் புறப்படுவார். புளோரன்சிலிருந்து அசிசிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். காவலர் நிறுத்தினால், புகழ்பெற்ற வீரரைக் கண்டு பேச ஆசைப்படுவார்கள். சைக்கிளின் உறுப்புகள் தமக்கேற்ப நுட்பமாகப் பொருத்தப்பட்டவை, தொட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்வாராம். புகழ் என்பது கேடயமாயிற்று. தார்சிசியுஸ் என்ற பெயரை எண்ணிப் பார்ப்போம்!

இதுமட்டுமன்று. கோல்டன்பெர்க் என்ற யூதக் குடும்பத்தைப் புளோரன்சில் தம் வீட்டு நிலவறையில் மறைத்து வைத்தார். அப்போது அவர் மனைவியும் சிறு பிள்ளையும் உள்ள குடும்பத்தலைவர். கண்டுபிடித்தால் தாம் ஒருவர் மட்டும் மாண்டுபோவதில்லை. வீடே அழியும் என்பது தெரிந்தே செய்தார்.

1944-ல் பாசிசக் காவல் படையினர் அவரை விசாரணைக்கு அழைத்தனர். சோக மாளிகை என்று மக்கள் நடுங்கிய வதைகூடம் அது. அதன் தலைவன் பெயர் மாரியோ கரித்தா. இத்தாலிய மொழியில் கரித்தா என்றால் பிறரன்பு என்று பொருள்! பிறரன்பு என்ற பெயர் கொண்டவன் மனிதரை வதைத்தான். அந்தப் பெயர் இல்லாதவர் பிறரன்பைச் செய்தார். பார்த்தலி அங்கிருந்து உயிரோடு வெளியே வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் புளோரன்ஸ் விடுதலை பெற்றது.

முப்பத்து நான்கு வயதில்

போர் அவருடைய நல்ல ஆண்டுகளை விழுங்கிவிட்டது. சைக்கிள் வீரனுக்கு இருபத்தாறு முதல் முப்பது வயது வரை பொற்காலம். அந்தக் காலம் முழுவதும் இத்தாலியச் சுற்றும் பிரெஞ்சுச் சுற்றும் நின்றுபோயிருந்தன. ஆயினும் 1946-ல் இத்தாலியச் சுற்று மீண்டும் நடந்தபோது, சிறைக்கைதியாக இருந்து திரும்பிய கோப்பியை வெறும் 47 வினாடி வேறுபாட்டில் வென்றார். இடிந்த பாலங்களும் குண்டு விழுந்த சாலைகளுமாயிருந்த நாட்டில், இன்னும் உயிர் இருக்கிறது என்று மக்களுக்குக் காட்டிய பந்தயம் அது.

1948 ஜூலையில் பிரெஞ்சுச் சுற்று. 1938-ல் வென்ற பார்த்தலி பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் வெல்ல வந்திருந்தார். கிழவர் என்று எழுதின பத்திரிகைகள். பிரெஞ்சு வீரர் லூயிசோன் பொபேயைவிட 21 நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இருந்தார். ஜூலை 14-ல் ஓய்வு நாள். அன்று ரோமாபுரியில் கம்யூனிஸ்டுத் தலைவர் தொலியாத்தி பாராளுமன்றத்தின் அருகே சுடப்பட்டார். நாடெங்கும் வேலைநிறுத்தம், கலவரம், உயிர்ச்சேதம். உள்நாட்டுப் போரே மூண்டுவிடுமோ என்று அஞ்சினர். அன்றிரவு பிரதமர் தெ காஸ்பெரி தமக்குத் தொலைபேசியில் பேசி, வெற்றி பெற முயலும்படி கேட்டார் என்று பார்த்தலி பின்னாளில் சொல்லி வந்தார்.

மறுநாள் கான் நகரிலிருந்து பிரியான்சோனுக்கு 274 கிலோமீட்டர். மூன்று பெரும் கணவாய்கள். கடைசியாக இசோவார், 2,360 மீட்டர் உயரம். மழையிலும் குளிரிலும் பார்த்தலி தனியே ஏறிச் சென்று வென்றார். மாலையில் அவருக்கும் பொபேக்கும் இடையே ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான இடைவெளிதான் எஞ்சியது. அடுத்த நாளும் வென்று மஞ்சள் சட்டையைப் பெற்றார். இறுதியில் இரண்டாம் இடத்தவரைவிட 26 நிமிடத்துக்கு மேல் முந்திப் பாரிசை அடைந்தார்.

ஒரு சைக்கிள் வீரர் உள்நாட்டுப் போரைத் தடுத்தார் என்று பலர் எழுதினர். அது மிகை. சுடப்பட்ட தொலியாத்தி பிழைத்துக்கொண்டார். அமைதி காக்கும்படி தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். அதையும் சொல்லவேண்டியது நீதி. ஆயினும், அண்டை வீட்டாரோடு முகம் பாராமல் இருந்தவர்கள் அன்று ஒரே வானொலியைச் சுற்றி நின்றார்கள் என்பதும் சிறிய காரியம் அல்ல.

எதிரியா, நண்பரா?

பார்த்தலியா, கோப்பியா என்று இத்தாலி இரண்டாகப் பிரிந்து நின்றது. பார்த்தலி பக்தர்களின் வீரர், பழைமையின் அடையாளம் என்றனர். கோப்பி புதுமையின் அடையாளம் என்றனர். பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1947-ல் கத்தோலிக்க இயக்க ஆண்களுக்கு ஆற்றிய உரையில் பார்த்தலியைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டாகக் கூறியதும் இப்பிரிவை மிகுத்தது. 1949-ல் கோப்பி இத்தாலியச் சுற்று, பிரெஞ்சுச் சுற்று இரண்டையும் வென்றார். இரண்டிலும் பார்த்தலி இரண்டாமவர். தோற்பது அவருக்குப் பிடிக்காது. முணுமுணுப்பார், குறை சொல்வார், வாதாடுவார். அதை அவர் மறைத்ததும் இல்லை.

ஆனால் 1951-ல் கோப்பியின் தம்பி செர்சேயும் ஒரு பந்தயத்தில் விழுந்து இறந்தார். தம்பியைப் பறிகொடுத்த அண்ணனின் வேதனையைப் பார்த்தலியைவிட அறிந்தவர் யார்? 1952-ல் பிரான்சின் மலைச் சாலையில் இருவரும் ஒரே நீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இத்தாலியர் இன்றுவரை வழக்காடுகின்றனர். தாகத்தோடு ஏறுகையில் ஒரு புட்டி இரு கைகளில் இருந்தது என்பதே நமக்குப் போதும். பார்த்தலி 1954-ல் தம் கடைசிப் பந்தயங்களை ஓடி ஓய்வு பெற்றார். பின்னர் தாம் நடத்திய அணியில் கோப்பியைச் சேர்த்துக்கொண்டார். அந்த அணிக்காக ஓடும் முன்னரே, 1960 ஜனவரி 2-ல், மலேரியாக் காய்ச்சலால் கோப்பி இறந்தார்.

லொம்பார்தியச் சுற்றின் பாதையில் கிசால்லோ என்ற குன்றின்மேல் மாதா சிற்றாலயம் ஒன்று உண்டு. அங்கிருந்த குருவானவர் எர்மெலிந்தோ விகானோ விண்ணப்பித்ததற்கு இணங்க, 1949-ல் பாப்பரசர் பத்திநாதர் கிசால்லோ மாதாவைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அதன் உட்சுவர்களில் வீரர்களின் சைக்கிள்களும் சட்டைகளும் காணிக்கையாகத் தொங்குகின்றன. போட்டியாளர் இருவரின் சைக்கிள்களும் அங்கே ஒரே அன்னையின் வீட்டில் இருக்கின்றன.

மௌனம்

இத்தாலியச் சுற்று மூன்று முறை, பிரெஞ்சுச் சுற்று இரண்டு முறை, மிலான் – சான் ரெமோ நான்கு முறை, லொம்பார்தியச் சுற்று மூன்று முறை. இவ்வெற்றிகளைப் பற்றிப் பார்த்தலி நாள் முழுவதும் பேசுவார். போர்க்காலத்தில் செய்ததைப் பற்றி மட்டும் பேசமாட்டார். மகன் அந்திரேயாவிடம் பிற்காலத்தில் சிறிது சிறிதாகச் சொன்னார். அதையும் வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நன்மை என்பது செய்வதற்கு உரியது, சொல்வதற்கு அன்று என்பது அவர் கொள்கை. வலக்கையைப் பற்றியும் இடக்கையைப் பற்றியும் ஆண்டவர் மலைமேல் போதித்ததை இந்தச் சைக்கிள்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

2000-ம் ஆண்டு மே 5-ம் நாள், எண்பத்தைந்தாம் வயதில், இறைவனடி சேர்ந்தார். கார்மேல் சபை மேலாடை போர்த்தி, பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தனர். அதன் பிறகே போர்க்காலச் செய்திகள் விரிவாக வெளிவந்தன. நிலவறையில் ஒளிந்திருந்த குடும்பத்தின் மகன் முதிய வயதில் சாட்சி சொன்னார். 2013-ல் எருசலேமின் யாத் வஷேம் நினைவகம், யூதரைக் காத்த பிற இனத்து நீதிமான்களின் பட்டியலில் பார்த்தலியின் பெயரைப் பொறித்தது. அதற்கு முந்தைய ஆண்டு கர்தினால் தல்லா கோஸ்தாவின் பெயரும் பொறிக்கப்பட்டது. 2018-ல் இத்தாலியச் சுற்று அவர் நினைவாக எருசலேமிலிருந்தே புறப்பட்டது.

ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. எண்ணூறு பேரைக் காப்பாற்றினார் என்று சொல்லப்படும் கணக்கை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. சைக்கிள் பயணங்களுக்கே போதிய எழுத்துச் சான்று இல்லை என்போரும் உண்டு. உயிரைப் பறிக்கும் காலத்தில் மறைவாகச் செய்த வேலைக்குக் கணக்கேடு எங்கே இருக்கும்? அவரும் எழுதி வைக்கவில்லை. தம் பெயரை எங்கும் பதிவு செய்யச் சொல்லவும் இல்லை. அவருடைய மௌனத்திற்குக் கிடைத்த விலை இந்த ஐயம். அவர் அதைப் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார் என்றே நாம் நம்புகிறோம். ஒரு குடும்பம் பிழைத்தது என்பதை எவரும் மறுக்கவில்லை.

நம் விழா மலர்களில் நன்கொடையாளர் பட்டியல் இடம்பெறும். கொடுத்தவர் பெயரை நன்றியோடு அச்சிடுவது முறையே. ஆயினும் பெயர் அச்சிடப்படாத பலரின் கைகளும் எந்த ஆலயத்தையும் தாங்கி நிற்கின்றன. இரவில் நோயாளியின் அருகே விழித்திருந்தவர், கடன்பட்டவன் வீட்டு அடுப்பு எரியச் செய்தவர், சொல்லாமல் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தவர். அவர்களுக்குக் கோப்பையும் இல்லை, இளஞ்சிவப்புச் சட்டையும் இல்லை. கூட்டம் கைதட்டிய சாலைகளில் பார்த்தலி அடைந்த வெற்றிகள் ஏடுகளில் இருக்கின்றன. கைதட்ட ஆளில்லாத சாலையில் அவர் ஓடிய ஓட்டத்தை இறைவன் அறிவார். நமக்கும் அப்படி ஒரு சாலை வாய்க்குமானால், கால் ஓயாமல் ஓடும் வரத்தை அன்னை மரியாளின் வழியாக இறைஞ்சுவோமாக.